குறி சொல்லாத டாக்டர்

வேலூர்
8-2-1981

அன்புள்ள சுலோச்சனாவுக்கு,

அக்கா ஆதிலட்சுமி எழுதுவது. இங்கே மாமாவும் பிள்ளைகளும் நானும் சுகம். நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை. பொங்கலுக்கு வந்தபோதுதான் கண்ணால் பார்த்தேனே. உத்திரமேரூர் நெல் மண்டித் தராசில் உன்னை ஏற்றி நிறுத்தியதில் முப்பத்தெட்டு கிலோ. மண்டிக்காரர் சிரித்தார், எனக்கு அழுகை வந்தது.

கார்த்திகையிலிருந்து தின்றதையெல்லாம் வாந்தி எடுக்கிறாய். எக்ஸ்ரே எடுத்தாயிற்று, ரத்தம் பார்த்தாயிற்று, தாயத்தும் மூன்று கட்டியாயிற்று. இனிமேல் நான் சொல்வதைக் கேள். காஞ்சிபுரத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் புதன்கிழமை தோறும் ஐசக் என்பவர் வருகிறார். மனோதத்துவம் படித்தவர். எங்கள் ஆஸ்பத்திரி மேட்ரன் மூலமாக 18ஆம் தேதிக்கு உன் பெயரைப் பதிந்துவிட்டேன்.

நீ பயப்படுவாய் என்பதால் நடக்கப் போவதை முன்கூட்டியே எழுதுகிறேன். ஊசி கிடையாது, மாத்திரை கிடையாது, கையைப் பிடித்து நாடி பார்க்கமாட்டார். எதிரெதிரே இரண்டு நாற்காலி. முக்கால் மணி நேரம் நீ பேச வேண்டும், அவர் கேட்பார். உன் வீட்டுக்காரர் வெளியே உட்கார வேண்டும். நீ சொல்வதை ஐசக் யாரிடமும் சொல்லமாட்டார், என்னிடம்கூட. ஒரே தடவையில் முடிகிற காரியம் இல்லை. பத்துப் புதனாவது ஆகும்.

மாமனார் பக்கவாதத்தில் படுத்ததிலிருந்து மூத்திரம், மலம் எல்லாம் நீதான் எடுக்கிறாய். அதுதான் உன் வயிற்றைப் புரட்டுகிறது என்பது என் எண்ணம். பழக்கமில்லாதவர்களுக்கு அப்படித்தான். வார்டுக்குப் புதிதாக வரும் பெண்களுக்குச் சொல்வதை உனக்கும் சொல்கிறேன். மூக்குக்குக் கீழே நீலகிரித் தைலம் தடவிக்கொள், வாயால் மூச்சு விடு.

பைத்தியக்கார வைத்தியம் என்று உன் மாமியார் சொன்னால் காதில் வாங்காதே. போய்விட்டு வந்து எழுது.

அன்பு அக்கா,
ஆதிலட்சுமி


உத்திரமேரூர்
26-2-1981

அன்புள்ள அக்காவுக்கு,

சுலோச்சனாவின் வணக்கம். மாமாவையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். என் சுகத்தை நீ ஏற்பாடு செய்த ஆள் பார்த்துக்கொள்வார் என்றாயே, அந்த லட்சணத்தைக் கேள்.

பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் கருவாட்டுக் கூடை. மாகறல் வருவதற்குள் இரண்டு தடவை ஜன்னல் வழியாக வாந்தி. இவர் தெரியாதவரைப் போல முன் சீட்டுக்குப் போய்விட்டார். கட்டின பெண்டாட்டி என்று சொல்ல அவ்வளவு கூச்சம்.

அறையில் நீ சொன்ன மாதிரியே இரண்டு நாற்காலி, ஒரு மண்பானை, தலைக்கு மேலே கிறீச்சிடும் மின்விசிறி. உன் ஐசக்குக்கு ஐம்பது வயது இருக்கும். ஜலதோஷம். மூக்கைச் சிந்தி, அந்தக் கைக்குட்டையை நாலாக மடித்து, திரும்பச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார். அதைப் பார்த்தபோதே பாதி உயிர் போயிற்று. பிறகு கேட்டார்: "என்ன கஷ்டம்னு வந்திருக்கீங்க?"

அக்கா, இதை என்னைக் கேட்டால் இவர் எதற்கு? மாகறலில் முனியனிடம் அம்மா குறி கேட்கப் போவாளே, ஞாபகம் இருக்கிறதா? வந்தவள் வாயைத் திறக்கக் கூடாது. எலுமிச்சம்பழத்தை வாங்கிக் கையில் உருட்டி, மாடு காணாமல் போனதா, மகள் வாழாமல் வந்தாளா என்று அவன்தான் சொல்ல வேண்டும். நாமே சொல்லிவிட்டால் அவன் சொல்ல என்ன மிச்சம் இருக்கும்? ஒரு தடவை நீ முந்திக்கொண்டு உளறினதற்கு அம்மா உன் தொடையைக் கிள்ளி ரத்தம் கட்டியது. இவரோ இவ்வளவு படித்துவிட்டு என் வாயைப் பிடுங்குகிறார்.

முதல் வாரம் பேர், ஊர் மட்டும் சொன்னேன். நேற்று அதுவும் சொல்லவில்லை. உண்மையானவராக இருந்தால் தானே கண்டுபிடிக்கட்டும் என்று வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அவரும் சும்மா உட்கார்ந்தார். முக்கால் மணி நேரம் இரண்டு பேரும் மின்விசிறியின் சத்தத்தைக் கேட்டோம். கடைசியில், "பரவாயில்லைம்மா, அடுத்த புதன் வாங்க" என்கிறார். வெட்கம் இல்லை.

இன்னும் இரண்டு வாரம் பார்ப்பேன். கண்டுபிடிக்காவிட்டால் போகமாட்டேன்.

தங்கை,
சுலோச்சனா


வேலூர்
5-3-1981

சுலோ,

எல்லோரும் சுகம், எனக்குத்தான் தலைவலி, அதுவும் உன் கடிதத்தால். வார்டில் நின்றுகொண்டே படித்துத் தலையில் அடித்துக்கொண்டேன். பக்கத்துக் கட்டில் கிழவி, யாராவது செத்துவிட்டார்களா என்று கேட்டாள்.

அவர் குறி சொல்பவர் இல்லையடி. அவருக்கு உன் வீட்டைப் பற்றி என்ன தெரியும்? ரவிக்கை தைக்கக் கொடுக்கும்போது, அளவு சொல்லமாட்டேன், நீயே கண்டுபிடி என்று தையற்காரனைச் சோதிப்பாயா? வாயைத் திறந்து பேசு. பெரிதாக ஒன்றும் வேண்டாம், பஸ்ஸில் கருவாடு நாறியது என்பதிலிருந்து ஆரம்பி. அவர் கைக்குட்டையைப் பார்த்தால் குமட்டுகிறது என்றுகூடச் சொல்லலாம், கோபித்துக்கொள்ளமாட்டார். அப்படிச் சொல்வதற்குத்தான் அந்த அறை.

உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதக் கை வருகிறது. நீ பார்த்துக்கொள்ளமாட்டாய். கஞ்சித் தண்ணீராவது குடி.

அக்கா


உத்திரமேரூர்
20-3-1981

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். மாமாவுக்குச் சளி விட்டதா? இங்கே யாருக்கும் ஒன்றும் இல்லை, என்னைத் தவிர. எனக்கு இருப்பதும் ஒன்றும் இல்லையாம், திமிராம். அத்தையின் கண்டுபிடிப்பு. அவர்களையே அந்த நாற்காலியில் உட்கார வைத்திருக்கலாம்.

நீ சொன்னபடி கைக்குட்டையிலிருந்துதான் ஆரம்பித்தேன். அவர் சிரித்துவிட்டு அதை எடுத்து மேஜை இழுப்பறையில் போட்டு மூடினார். "இப்ப பரவாயில்லையா? வேற எதெல்லாம் உங்களுக்கு அருவருப்பா இருக்குது?" என்றார். சொல்லிக்கொண்டே போனேன். சோற்றில் ஆவி வருவது, வெற்றிலைச் சாறு வடிகிற வாய், ஈர வேட்டி, இவர் என் தலையணையில் தலை வைப்பது. ஒரு மணி அடித்துவிட்டது. இவ்வளவு பேசியது எனக்கே ஆச்சரியம்தான்.

நேற்று முன்தினம், "வீட்டுல யார் யார் இருக்கீங்க?" என்று கேட்டார். மாமனார் தாண்டவராயன் ஊரில் பெரிய மனுஷர் என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் போக முடியவில்லை. எழுந்து ஓடுவதற்குள் அந்த மண்பானைக்குப் பக்கத்திலேயே வாந்தி. அவரே வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றித் துடைப்பத்தால் தள்ளினார். எனக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது. அவர் முகம் சுளிக்கவில்லை, அதை மட்டும் எழுதத்தான் வேண்டும். என் வாந்தியை முகம் சுளிக்காமல் பார்த்த ஆண்பிள்ளை அவர் ஒருவர்தான்.

ஆனால் போவதற்கு முன்பு இருந்ததைவிட இப்போது மோசம். தினமும் மூன்று வேளை குளிக்கிறேன். தேங்காய் நாரைப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுத்துக்குக் கீழே தோல் உரிந்து எரிகிறது. என் உடம்பே எனக்குக் குமட்டுகிறது. சரியாவதற்குப் போனால் இப்படித்தான் ஆகுமா? இதை ஏன் நீ முதலிலேயே எழுதவில்லை?

தைலம் வாங்கித் தடவினேன். நாற்றத்துக்கு அது போதும். நாற்றம் ஒரு பொருட்டே இல்லை, அக்கா.

இந்த இன்லண்ட் கடிதத்தில் இடம் தீர்ந்துவிட்டது.

சுலோச்சனா


உத்திரமேரூர்
29-3-1981

உயர்திரு அண்ணி அவர்களுக்கு,

சேட்டு வணக்கம். தாங்களும் அண்ணனும் பிள்ளைகளும் க்ஷேமமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நமது வீட்டில் தாயார் முட்டி வலியோடு இருக்கிறார்கள். தகப்பனார் படுக்கையில்.

தாங்கள் சொன்னீர்கள் என்பதற்காகத்தான் சுலோச்சனாவைக் காஞ்சிபுரத்துக்கு அழைத்துப் போகிறேன். ஆறு புதன் ஆயிற்று. கட்டியவன் நான் வெளியே பெஞ்சில், அவள் உள்ளே அந்நிய ஆண்பிள்ளையோடு. ஊரில் நாலு பேருக்குத் தெரிந்தால் எப்படி இருக்கும்? போன வாரம் அவரையே கேட்டுவிட்டேன். "இன்னா சார் சொல்லிக்கினு கீறா உள்ள?" என்றேன். "அதை அவங்கதான் உங்ககிட்ட சொல்லணும், நான் சொல்றதுக்கில்லைங்க" என்கிறார். புருஷனுக்குச் சொல்லக் கூடாதாம். இது எந்த ஊர் நியாயம்?

மருமகள் என்றால் சுலோச்சனா மாதிரி இருக்க வேண்டும் என்று ஊரே சொல்லும். தகப்பனார் வேறு யார் கையையும் கிட்ட விடுவதில்லை. புதன்கிழமை அவள் வருகிற வரைக்கும் ஈரத்திலேயே கிடக்கிறார், பார்க்கச் சகிக்கவில்லை. அம்மாவால் குனிய முடியாது. எனக்கு அந்த வேலை வராது. இப்போது அவளும் அப்பா அறை வாசலுக்குப் போனாலே ஓக்காளம் எடுக்கிறாள்.

ஆகவே தாங்கள் அந்த ஐசக்குக்கு எழுதி, அருவருப்பு வராமல் இருக்க ஏதாவது ஒரு மாத்திரை கொடுக்கச் சொல்லவும். பேச்செல்லாம் போதும். அறுப்புக்குள் அவள் பழையபடி ஆனால் நல்லது.

இப்படிக்கு,
மு.தா. சேட்டு


வேலூர்
7-4-1981

அன்புள்ள சுலோ,

இங்கே எல்லோரும் நலம். சேட்டு எழுதியிருந்தார். ஐசக்குக்கு நான் எழுதமாட்டேன் என்று பதில் போட்டுவிட்டேன். அவர் கேட்கிற மாத்திரை எங்கள் ஆஸ்பத்திரியில் இல்லை. இருந்தால் முதலில் அவருக்குத்தான் கொடுத்து, அவர் அப்பாவைக் கழுவச் சொல்வேன்.

மோசமாவது சகஜம் என்று மேட்ரன் சொல்கிறார். ஆறாத கட்டியைக் கீறும்போது வலிக்கத்தான் செய்யும். இதை முதலிலேயே எழுதாதது என் தப்பு.

இன்னொன்று. இன்லண்டில் ஒரு மடிப்பு முழுக்க வெள்ளையாக விட்டுவிட்டு, இடம் தீர்ந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். நாற்றம் இல்லை என்றால் வேறு என்ன? ஐசக்கிடம் சொல்வதை யாரும் கேட்கக் கூடாது என்று நானே சொன்னேன், இப்போது நானே கேட்கிறேன். எனக்குத் தூக்கம் வரவில்லை. என்னிடமாவது சொல்.

அக்கா


உத்திரமேரூர்
30-4-1981

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. சுகமாக இருப்பாய். இங்கே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அறுப்பு என்று சொல்லி இவர் இரண்டு புதன் என்னை அனுப்பவில்லை. நேற்றுத்தான் போனேன், போனதும் சொல்லிவிட்டேன். ஐசக்கின் முகத்தைப் பார்க்காமல், மண்பானையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அங்கே சொன்னதால்தான் இங்கே எழுத வருகிறது.

மாமனாருக்கு வலது பக்கம்தான் விளங்கவில்லை. இடது கை நன்றாக இருக்கிறது. நான் குனிந்து துணி மாற்றும்போது அந்தக் கை என் மேல் எங்கே வருகிறது என்பதைத்தான் உனக்கு இத்தனை நாள் எழுதவில்லை. முதல் நாள் தெரியாமல் பட்டது என்று நினைத்தேன். இரண்டாம் நாள் அவர் முகத்தைப் பார்த்தேன். சிரிக்கிறார், அக்கா. கோணல் வாயில் எச்சில் வடியச் சிரிக்கிறார். அப்புறம் தன்னைப் பார்க்க வருகிறவர்களிடம், "எம் மருமவ தெய்வம்" என்று குழறுகிறார். வந்தவர்கள் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். ஆறு மாதம் இது நடந்தது. அந்த வீட்டு அடுப்பில் வெந்த சோறு என் தொண்டையில் எப்படி இறங்கும்?

இதைச் சொன்னதும் ஐசக், "உங்களுக்கு வந்த அருவருப்பு நோய் இல்லைம்மா. சரியாத்தான் வந்திருக்குது" என்றார். "அவர் கிட்ட போகாம இருக்க வீட்டுல ஏதாவது வழி இருக்குதா?" என்று கேட்டார்.

வழி ஏற்கெனவே செய்துவிட்டார்கள். இனி அந்த வேலைக்கு நான் உதவமாட்டேன் என்று தெரிந்ததும் காலனியிலிருந்து மங்கம்மாவைப் பிடித்து வந்தார்கள். நம் நிலத்தில் நடவுக்கு வருகிறவள், புருஷன் இல்லாதவள், என் வயதுதான். வாசல்படியை மிதிக்க விடாதவளை இதற்கு மட்டும் தோட்டத்து வழியாக உள்ளே விட்டிருக்கிறார்கள். "அவளுங்களுக்கு இன்னா அருவருப்பு கீது?" என்கிறார் அத்தை. அவள் வந்து நாலு நாள் ஆகிறது. எனக்கு நிம்மதியாக இருக்கிறது, நேற்று இரண்டு வாய் சோறு உள்ளே போயிற்று. அவளிடம் நான் ஒரு வார்த்தை சொல்லி எச்சரிக்கவில்லை. அந்த நிம்மதியை நினைத்தால் தின்ற இரண்டு வாயும் மேலே வருகிறது.

இதைக் கிழித்துப் போட்டுவிடு.

சுலோச்சனா


வேலூர்
24-5-1981

அன்புள்ள சுலோவுக்கு,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு வேலையைச் சாக்குச் சொல்லமாட்டேன். நாலு தடவை எழுதிக் கிழித்தேன். உன்னுடையதையும் கிழித்துவிட்டேன்.

கட்டிலில் கிடக்கிற ஆண்களின் கையைப் பற்றி எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. இருபது வருஷமாக வார்டில் இருக்கிறேன். கையை எடுத்து அந்தப் பக்கம் வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவோம். யாரிடமும் சொன்னதில்லை, உன் மாமாவிடம்கூட. உனக்கு அடுத்த கட்டில் இல்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. தைலம் தடவச் சொல்லி எழுதின கையை வெட்டிப் போடலாம்.

இப்போது நீ தப்பித்துவிட்டாய். இது இத்தோடு போகட்டும். சேட்டுவிடம் சொல்லாதே, மாமியாரிடம் சொல்லாதே. சொன்னால் உன்மேல்தான் திரும்பும். மங்கம்மா கூலிக்கு வருகிறவள், பிடிக்காவிட்டால் நின்றுவிடுவாள். நீ ஐசக்கிடம் போய்க்கொண்டிரு, சோறு இறங்கட்டும். அவ்வளவுதான் வேண்டும்.

அக்கா


உத்திரமேரூர்
4-6-1981

அக்காவுக்கு,

சுகம் விசாரிக்க நேரம் இல்லை. திங்கட்கிழமை மங்கம்மா, கையிலிருந்த பித்தளைச் சொம்பால் மாமனாரின் இடது மணிக்கட்டில் ஓங்கி ஒரு போடு போட்டுவிட்டாள். கை வீங்கிக் கிடக்கிறது. தெருவில் இறங்கி நின்று, "கெழவன் கை சும்மா கெடக்கல, இனிமே இந்த வூட்டுப் பக்கம் தல வெச்சுப் படுக்கமாட்டேன்" என்று கத்திவிட்டுப் போனாள். நான் ஆறு மாதத்தில் செய்யாததை அவள் ஐந்து வாரத்தில் செய்துவிட்டாள்.

ஊரே கொதிக்கிறது, அவள்மேல். பக்கவாதத்தில் கிடக்கிற பெரியவரை அடித்துவிட்டு அபாண்டம் வேறு சொல்கிறாளாம். ஞாயிற்றுக்கிழமை கூட்டம். மாமனாரால் எழுந்துவர முடியாது என்பதால் எங்கள் வாசலிலேயே. மங்கம்மா மாமனாரின் காலில் விழுந்து, சொன்னது பொய் என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் சொர்ணவாரிப் பட்டத்துக் களையெடுப்புக்குக் காலனிப் பெண்கள் ஒருத்தியையும் யாரும் கூப்பிடமாட்டார்கள். அத்தனை வீட்டிலும் அடுப்பு அணைந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை கிணற்றடிக்குப் பின்னால் மங்கம்மா வந்து நின்றாள். "யம்மா, ஒனக்கும் தெரியுமில்ல? ஒன் மூஞ்சப் பாத்தே எனக்குத் தெரிஞ்சுது. ஒரே ஒரு வார்த்த சொல்லு, போதும்" என்றாள். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

நேற்று ஐசக்கைக் கேட்டேன். நான் பேச வேண்டுமா, கூடாதா, ஒன்று சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். "அந்த முடிவை நான் எடுத்தா, அது உங்களுக்கு இன்னொரு மாமனார் வந்த மாதிரிம்மா" என்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முனியனாக இருந்தால் ஒரு எலுமிச்சம்பழத்தில் பதில் சொல்லியிருப்பான். பிறகு, "பேசறதா இருந்தா என்ன சொல்லுவீங்க? இங்கயே சொல்லிப் பாருங்க" என்றார். சொல்லிப் பார்த்தேன். மூன்று தடவையும் பாதியில்தான் நின்றது.

பேசினால் இந்த வீட்டில் எனக்கு இடம் இருக்காது. பேசாவிட்டால் அவள் காலில் விழுவதை வாசலில் நின்று நான் பார்க்க வேண்டும். அதைப் பார்த்த பிறகு எனக்கு எந்த வைத்தியமும் பலிக்காது. உடனே எழுது.

சுலோச்சனா


தந்தி
வேலூர், 6-6-1981

வாய் திறக்காதே. செவ்வாய் வருகிறேன். ஆதிலட்சுமி.


உத்திரமேரூர்
11-6-1981

அன்புள்ள அக்காவுக்கு,

சுலோச்சனாவின் வணக்கம். மாமாவும் பிள்ளைகளும் சுகமா? செவ்வாய்க்கிழமை நான்கு பஸ் வந்து போகும் வரை ஸ்டாண்டில் நின்றேன். நீ வரவில்லை. ஏன் என்று கேட்கவில்லை, இருபது வருஷம் வாய் திறக்காதவளுக்கு இங்கே வந்து நிற்பது கஷ்டம் என்று ஓரளவு தெரிகிறது.

உன் தந்தி சனிக்கிழமையே வந்தது. ஞாயிறு காலை மாமனாரைக் கட்டிலோடு தூக்கிவந்து வாசல் பந்தலில் போட்டார்கள். கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் எல்லோரும் பார்க்கிற மாதிரி வைத்திருந்தார்கள். மங்கம்மா தெருவில் நின்றாள். நான் மற்றப் பெண்களோடு கதவுக்குப் பின்னால். நாட்டாமை பஞ்சாட்சரம் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "பெரியவர அடிச்சதும் இல்லாம பழி வேற சொல்லிக்கினு கீற. கால்ல வுழு, பொய்யின்னு சொல்லு, போயிக்கினே இரு" என்றார். அவள் அவரைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்தாள்.

அப்போது இவர் எழுந்தார். "எம் பொண்டாட்டி ஆறு மாசம் இவர கழுவி எடுத்தா. அவளக் கேளுங்க. ஒரு நாளாவது ஒரு சொல்லு சொல்லியிருப்பாளா? அப்படி இருந்தா சொல்லியிருக்கமாட்டா?" என்று என்னைக் கைகாட்டினார். நான் சொல்லாமல் இருந்ததையே எடுத்து அவளுக்கு எதிரான சாட்சியாக நிறுத்துகிறார். வந்த கோபத்தில் கால் தானாக வெளியே வந்துவிட்டது.

"மங்கம்மா சொல்றது நெசம்" என்றேன். "அந்தக் கை எங்கிட்டயும் சும்மா இல்ல. ஆறு மாசமும். அதனாலதான் எனக்குச் சோறு எறங்கல." முழுசாக வந்தது, அக்கா. நடுவில் நிற்கவே இல்லை.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. ஆளாளுக்குத் தரையைப் பார்த்தார்கள். மாமனார் கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி கிடந்தார். பஞ்சாட்சரம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இது குடும்ப விஷயம். நாம பேசறதுக்கில்ல" என்று எழுந்துவிட்டார். மங்கம்மா சொன்னபோது ஊர் விஷயம், நான் சொன்னதும் குடும்ப விஷயமாகிவிட்டது. சீ என்று இருந்தது. ஆனாலும் அவள் யார் காலிலும் விழாமல் போனாள். களைக்குக் காலனிப் பெண்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். எங்கள் நிலத்துக்கு மட்டும் அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் வரமாட்டாளாம்.

உள்ளே வந்ததும் இவர் கையை ஓங்கினார். என்னவோ அப்படியே இறக்கிவிட்டார், இன்றுவரை என்னோடு பேச்சு இல்லை. அடுப்படியில் அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டே, "எனக்குத் தெரியாதா இன்னா? முட்டி வலின்னு நான் ஏன் தள்ளிப் படுத்துக்கினு கீறேன்? வெளிய சொன்னா வெக்கம்னு கம்முனு கெடந்தேன். நீ போயி சபையில சொல்ற" என்றார்கள். தெரிந்தே என்னை அந்த அறைக்குள் அனுப்பியிருக்கிறார்கள். மாமனாரின் கையைவிட இது எனக்குக் குமட்டியது.

இப்போது இவர்தான் அப்பாவைக் கழுவுகிறார். வராத வேலை மூன்றே நாளில் வந்துவிட்டது. மகன் கழுவும்போது அந்தக் கை போர்வைக்குள் அடங்கிக் கிடக்கிறது. புதிதாகப் பார்ப்பவர்கள் அதுதான் விளங்காத கை என்று நினைப்பார்கள்.

நேற்று முதல் தடவையாகத் தனியாகக் காஞ்சிபுரம் போனேன். ஐசக்கிடம் நடந்ததைச் சொன்னேன். சபாஷ் என்று சொல்வார் என்று நினைத்தேன், சொல்லவில்லை. "இப்ப எப்படி இருக்குது?" என்றார்.

"அருவருப்பாத்தான் கீது சார்" என்றேன்.

"யார் மேல?"

விரல் விட்டுச் சொன்னேன். மாமனார், அத்தை, இவர், தரையைப் பார்த்த அத்தனை பேர். உன் பேரையும் சொன்னேன், அக்கா. மறைக்கவில்லை.

அவர், "உங்க மேல?" என்று கேட்டார்.

தேடித் தேடிப் பார்த்தேன். "இல்ல சார்" என்றேன்.

வெளியே வந்ததும் பசித்தது. ஆஸ்பத்திரிக்கு எதிரில் இரண்டு இட்லி சாப்பிட்டேன். வாந்தி வரவில்லை. வீட்டுச் சோறு இன்னும் இறங்கவில்லை, அந்த வீட்டில் எத்தனை நாள் இருப்பேன் என்றும் தெரியவில்லை. அடுத்த புதனும் போவேன்.

உன் பேரைச் சொன்னதற்குக் கோபித்துக்கொள். ஆனால் பதில் போடு.

தங்கை,
சுலோச்சனா